கப்பல்காரர் சந்தின் நூற்றுப் பதின்மூன்று நாக்குகள்

ஆவணி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஆறு மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தபோது, புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, கப்பல்காரர் சந்து என்று பெயர் பெற்றிருந்தும் கப்பலோடு எந்த உறவும் இல்லாத நாற்பத்தொரு வீடுகளில், சமைத்துக்கொண்டிருந்தவர், செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர், மருமகளோடு வழக்காடிக்கொண்டிருந்தவர் ஆகிய அனைவருடைய நாக்கிலும் ஒரே நொடியில் கருக வறுத்த பார்லியின் கசப்பு வந்து அமர்ந்தது. அமர்ந்து, சற்று நேரம் நுரைத்து, அடிநாக்கில் மெல்லிய இனிப்பொன்றை விட்டுவிட்டு, விருந்தாளி விடைபெறுவதுபோல் மரியாதையாகப் போய்விட்டது. பிள்ளையார் கோயில் குருக்கள் மந்திரத்தின் நடுவே நிறுத்தி, தீர்த்தச் செம்பை முகர்ந்து பார்த்தார். நெத்திலிக் குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாள், புளி கெட்டுவிட்டதென்று எண்ணி, குழம்பை அப்படியே கொல்லையில் கொட்டினாள். சந்தின் முனையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த தையல்நாயகி மட்டும் எழவுமில்லை, திகைக்கவுமில்லை. கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், யாரும் கேளாத ஒரு கேள்விக்கு விடை சொல்பவளைப்போல், பார்லியை இன்னும் இரண்டு நிமிடம் முன்னதாக இறக்கியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் ரெஜினாளின் கணவர் பிலவேந்திரன் மாடியில் இருந்தார். எடையளவுத் துறையில் முப்பத்தோர் ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து, தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் படிகளுக்கும் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் அவர். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரு பீரும் ஒரு விஸ்கியும் சுவைத்து மதிப்பெண் இட்டு வந்தார். தாம் குடிப்பவர் அல்லர், சுவைப்பவர் என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த வேறுபாட்டைச் சந்து ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெந்நீரில் கழுவி, சோப்புப் படாத பழைய வேட்டித் துணியால் துடைத்த கண்ணாடிக் கோப்பையை வெள்ளைச் சுவரின் முன் பிடித்து நிறம் பார்ப்பார். பிறகு மணம். பிறகு இரண்டு கரண்டி அளவு வாயில் வைத்துக்கொண்டு, கண்களை மூடி, கூரான பென்சிலைக் காதோரத்திலிருந்து எடுப்பார். நிறம், மணம், சுவை, தொண்டையில் இறங்கும் விதம் என்று நான்காகப் பிரித்து, பத்துக்கு எத்தனை என்று கால் மதிப்பெண் வரை துல்லியமாகப் போடுவார். இடையில் கொஞ்சம் பொரியும் ஒரு குவளைத் தண்ணீரும். மீதமுள்ளதை மூடி வைத்துவிடுவார்.

மதிப்பெண்ணில் அவரை மிஞ்ச ஆளில்லை. குறை, சொற்களில் இருந்தது. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பு என்று கோடு போட்டிருந்த இடத்தில் அவர் எழுதத் தெரிந்த சொற்கள் மூன்றே: நன்று, பரவாயில்லை, கசப்பு. இதனால்தான், கடற்கரைப் பக்கம் இயங்கிவந்த கரையோரச் சுவைஞர் கழகம் ஆண்டுதோறும் நடத்திய போட்டியில், சிறிய அளவில் பீரும் விஸ்கியும் வடிப்பவர்கள் கொண்டுவந்து வைக்கும் கோப்பைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் நாற்காலி அவருக்கு எட்டாமலே இருந்தது. ஆண்டுதோறும் தமது குறிப்பேட்டை அனுப்புவார். ஆண்டுதோறும் அது ஒரே வகையான கடிதத்தோடு திரும்பி வரும். தங்கள் மதிப்பெண்கள் துல்லியமானவை, சொற்கள் போதா என்பதே அக்கடிதத்தின் சாரம். அந்த நாற்காலியில் ஒருமுறை அமர்ந்து, நடுவர் ஏட்டில் தமது பெயர் மையால் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர, ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

சுவை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சந்துக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. மூன்றாம் வாரம், நாக்கில் புகைபோல் ஏதோ ஏறியபோது தெருவுக்கு ஓடிவந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தார்கள். மாடி முகப்பில் பிலவேந்திரன் கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவர் விழுங்கினார், சந்து விழுங்கியது. அதற்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லை.

ஏன் இப்படி நிகழ்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களே அதிகம். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கோதண்டபாணியின் கொட்டகையில் கூட்டம் கூடியது. அங்கே சில உண்மைகள் நிலைநாட்டப்பட்டன. அவர் மதிப்பெண் போடும் எண்ணத்தோடு சுவைத்தது மட்டுமே சந்தின் நாக்குக்கு வந்தது. காலையில் குடித்த காப்பி வரவில்லை. சுவை வந்ததே தவிர மயக்கம் வரவில்லை. காவலர் நிறுத்தி ஊதச் சொன்னபோது ஆட்டோக்காரரின் மூச்சில் கருவி ஒன்றும் காட்டவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் நாக்கை மட்டுமே அது தீண்டியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தில் வாக்காளர்கள் நூற்றுப் பதின்மூன்று பேர். கோதண்டபாணிக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கொண்டுதான், சென்ற திருத்தத்தின்போது அவர் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று வாரமாக ஊரே தம்மிடம் விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், மறுநாளே படிவத்தை நிரப்பிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். பெயர் ஏறிய பின் அவர் நாக்குக்கு வந்த முதல் பீரே ஊசிப்போன பீராக அமைந்தது. துப்பிக்கொண்டே தெருவில் இறங்கி, தாமும் இந்த நாட்டின் குடிமகன்தான் என்று எல்லா வீட்டு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் சட்டங்களையும் வகுத்தது. எதைச் சுவைக்கப்போகிறார் என்பதைப் பிலவேந்திரன் முன்னதாகவே வாசற்பலகையில் எழுதிவிட வேண்டும். பிரதோஷம், ஏகாதசி, தவக்காலம், நோன்பு மாதம் ஆகிய நாள்களில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. ஆக, மூன்று நாள்காட்டிகளை அருகருகே மாட்டிவைத்துக்கொண்டு, மூன்றும் இசையும் சனிக்கிழமையைத் தேடுவது அவருடைய வேலையாயிற்று. மரைக்காயர் வீட்டார் மட்டும், யாரையும் மாற்றிக்கொள்ளச் சொல்லும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்றும், சுவைக்கும் நாள்களில் ஐந்தரை மணிக்கே கடற்கரைக்குக் காற்று வாங்கப் போய்விடுவதாகவும் அமைதியாகத் தெரிவித்தார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் சுவை எட்டுவதில்லை என்று கண்டறிந்தவர்களே அவர்கள்தாம். பிலவேந்திரன் இரண்டு சனிக்கிழமை ஆட்களை நிறுத்தி அளந்து, பாலத்தின் மூன்றாம் படியில், சுவை முடியும் இடத்தில், சுண்ணாம்பால் கோடு கிழித்தார்.

சட்டங்கள் வகுத்துவிட்டால் மக்களுக்குக் குறைசொல்ல ஒன்றுமிராது என்று அவர் நம்பினார். ஆனால் குறைசொல்ல வந்தவர்கள் இப்போது மதிப்பெண்ணைக் குறைசொல்ல வந்தார்கள். வாசற்பலகையில் அவர் எழுதிய ஏழேகாலைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் மதுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண்கள் இடுப்பில் கைவைத்து நின்று, அந்தப் பீருக்கு ஏழேகாலா என்று கேட்டார்கள். இஸ்திரி போடும் குப்பம்மாள், அது சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்துச் சூடான பெட்டியை வைத்ததும் எழும் ஆவி, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றாள். குருக்கள், முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், பிறகு ஒருநாள் யாரும் கேளாமலே, நேற்று வந்ததில் பழைய வில்வப்பழ ஓட்டின் வாசனை இருந்ததே, யாராவது கவனித்தீர்களா என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தலையில் குட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் படியிலிறங்கும் கிறித்தவப் பெண்கள் மறையுரையைப் பற்றிப் பேசுவதை விட்டு, நுரையைப் பற்றிப் பேசினார்கள்.

இவர்கள் எல்லாரையும்விடத் தையல்நாயகி வேறு. அறுபத்து மூன்று வயதில், மிளகு ஒன்றைக் கடித்து அது எந்த மலைச்சரிவில் காய்த்தது என்று சொல்லக்கூடிய நாக்கு அவளுக்கு. அவள் வாசலுக்கு வருவதில்லை. ஞாயிறு காலையில், பொட்டலம் கட்டும் காகிதத்தின் பின்பக்கத்தில், திருத்தமான எழுத்தில் எழுதி, ஓமம் வாங்க வந்தவர்களிடம் கொடுத்தனுப்புவாள். “நேற்று வந்தது புகை. மழைநாளில் நனைந்துவிட்ட விறகை விடாப்பிடியாக ஊதி ஊதிப் பற்றவைத்த அடுப்பின் புகை. கண்ணீர் வந்தது, ஆனால் சோறும் வெந்தது. நீங்கள் எட்டேகால் போட்டிருப்பது மிகை. ஐந்து” என்று ஒரு சீட்டு. “கோவை இலையால் துடைத்த சிலேட்டு காய்வதற்குள் முகர்ந்தால் வரும் பச்சை. நல்ல பீர்தான், அவசரக்காரன் வடித்தது. நான்கரை” என்று இன்னொன்று. ஐந்துக்குமேல் அவள் எதற்கும் போட்டதில்லை.

பிலவேந்திரன் அந்தச் சீட்டுகளை முதலில் எரிச்சலோடு படித்தார்; பிறகு ஆவலோடு படித்தார்; பிறகு, மேசை விளக்கின் கீழ் வைத்துக்கொண்டு, குறிப்பு என்று கோடு போட்டிருந்த இடத்தில், நன்று என்று எழுதவேண்டிய இடத்தில், ஒரு சொல் மாறாமல் தமது முத்துமுத்தான கையெழுத்தில் எடுத்தெழுதினார். மதிப்பெண்ணை மட்டும் தம்முடையதாகவே வைத்துக்கொண்டார். குப்பம்மாளின் ஆவியும் குருக்களின் வில்வ ஓடும் அவ்வாறே ஏட்டில் ஏறின. யாருடைய பெயரும் ஏறவில்லை. கார்த்திகை மாதம் குறிப்பேட்டைக் கழகத்துக்கு அனுப்பினார். மார்கழி பிறந்ததும் குறிப்பேட்டோடு பதில் வந்தது. அதில் வழக்கமான வாசகம் இல்லை. தை மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்து மணி, நடுவர் நாற்காலி தங்களுக்காகக் காத்திருக்கிறது என்றிருந்தது.

அவர் அந்தக் கடிதத்தைப் பூசைமாடத்தில் மாதா சிலையின் காலடியில் வைத்துவிட்டு, ரெஜினாளைக் கூப்பிட்டார். ரெஜினாள் கடிதத்தைப் படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, குறிப்பேட்டையும் படித்தாள். படித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

“இதுல உங்க சொல்லு எது?” என்று கேட்டாள்.

“எல்லாம் என் கையெழுத்துதானே.”

“கையெழுத்தக் கேக்கல. சொல்லக் கேட்டேன்.”

பிலவேந்திரன் பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு ‘பரவாயில்லை’ இருந்தது; அதைச் சுட்டிக்காட்ட அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எடைக்கல் கடைக்காரனுடையது, முத்திரை ஆய்வாளருடையது, முத்திரை விழாத வரையில் அது வெறும் இரும்பு, விழுந்த பிறகுதான் எடை என்று, முப்பத்தோர் ஆண்டு அனுபவத்தின் பலத்தில் அவர் விளக்கினார்.

“முத்திரை குத்துனா கல்லு உங்களுதா ஆயிடுமா?” என்றாள் ரெஜினாள். “அப்படின்னா ஊர்ல இருக்க கல்லெல்லாம் இந்நேரம் நம்ம வீட்டுல இல்ல கெடக்கணும்.”

அவளுடைய கேலியை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது வேறொன்று. கழகத்தின் மண்டபம் கடற்கரையோரம், பாலத்துக்குக் கிழக்கே, சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. அங்கே அவர் எதைச் சுவைத்தாலும் சந்து அதை அறியாது. சந்து அறியாவிட்டால் சொல் வராது. மறுநாள் நண்பகலில், கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, அவர் தையல்நாயகியின் முன் போய் நின்றார். நிற்கும்போது, சட்டைப் பையில் தப்பு எடைக்கல்லை ஒளித்துக்கொண்டு தம் முன் நின்ற கடைக்காரர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள்.

“தெரியும் முசியே,” என்றாள் தையல்நாயகி, அவர் பாதி சொல்வதற்குள். சந்தில் எல்லாரும் அவரை அப்படித்தான், பிரெஞ்சுக்காரர் ‘ஐயா’ என்பதற்குச் சொல்லும் சொல்லால், அழைத்தார்கள். “எடுத்தெழுதிட்டீங்கன்னு எனக்குக் கோவமில்ல. எஞ்சொல்லுக்குப் பக்கத்துல ஒங்க மார்க்க வச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம். நான் ஊசிப்போச்சுன்னு எழுதுறேன், நீங்க ஏழரை போடுறீங்க. படிக்கிறவன் பைத்தியம்னு நெனைக்கப்போறது என்னையத்தான்.”

மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளலாம் என்றும், அவள் மட்டும் அன்று மண்டபத்துக்கு வந்து பக்கத்தில் அமர்ந்து, ஒரு வாய் சுவைத்துச் சொன்னால் போதும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அவள் தராசுத் தட்டில் ஒரு கடுக்காயைக் கூட்டினாள், பிறகு குறைத்தாள்.

“ஒரு சொட்டு தொடாத நாக்கு இது. எங்கடையில ஒக்காந்திருக்கும், வர்றதப் பாக்கும், வாயில இருக்கறதச் சொல்லும். மேசைக்கெல்லாம் வராது.”

“அப்ப நான் என்னதாம்மா பண்றது?”

“ஒண்ணு, நடந்ததப் போய்ச் சொல்லுங்க. இல்ல, ஒங்க சொல்லச் சொல்லுங்க. மூணாவதா ஒண்ணு எங்கடையில இல்ல.”

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்றும், வாயைத் திறக்காமல் மதிப்பெண்ணை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடலாம் என்றும் எண்ணிக்கொண்டுதான், தை மாதத்து முதல் ஞாயிறு, கஞ்சி போட்ட சட்டையும் திருமணத்துக்கு எடுத்த கைக்கடிகாரமுமாக அவர் பாலத்தைக் கடந்தார்.

மண்டபத்தில் ஒன்பது கோப்பைகள் வெள்ளைத் துணிமேல் வரிசையாக நின்றன. வடித்தவர்கள் ஒன்பது பேரும், தேர்வுத்தாள் திருத்தப்படுவதைப் பார்க்க அனுமதிக்கப்பட்ட மாணவர்களைப்போல், சுவரோரமாக நின்றார்கள். கழகத் தலைவர் கனகசபை, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மெல்லிய மீசையும் நிமிர்ந்த முதுகுமாக வந்து கைகுலுக்கினார். நனைந்த விறகைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை வாசித்துவிட்டுத் தம் வீட்டம்மா மறுநாளே பத்தாண்டாகக் கடிதம் எழுதாத தங்கைக்குக் கடிதம் எழுதினார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார்.

பிலவேந்திரன் அமர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் மனத்தில் செய்துவைத்திருந்த நாற்காலியைவிட அது சற்றுத் தாழ்வாக இருந்தது. முதல் கோப்பையை எடுத்தார், நிறம் பார்த்தார், முகர்ந்தார், வாயில் வைத்தார். நல்ல பீர். அது நல்ல பீர் என்பது அவருக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இல்லாத கதவைத் தட்டுவதுபோல் நாக்கைத் தட்டிப் பார்த்தார். பென்சில் தானாக இறங்கி, நன்று என்று எழுதியது. சுவரோரம் நின்ற இளம்பெண் ஒருத்தி, அந்தப் பீரை வடித்தவள், அவர் இன்னும் எழுதுவார் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் காத்திருந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

“ஐயா, அந்த ஏட்டுல இருந்த சொல்லு ஒண்ணுகூட என்னோடது இல்ல. எங்க சந்துல இருக்கவங்க சொன்னது. நான் எழுதிக்கிட்டேன். அவங்க பேரப் போடல.”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். கனகசபை மீசையைத் தடவிக்கொண்டு, அந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம், நடந்தால் எட்டு நிமிடம் என்று பிலவேந்திரன் சொன்னார். சொல் அங்கே இருக்கிறதென்றால் கோப்பை இங்கே நிற்பதில் பொருளில்லை என்றார் கனகசபை; படையை நடத்திப் பழகிய குரலில் அவர் அதைச் சொன்னதால், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. துணியும் மேசையும் உட்பட மண்டபம் எழுந்து நடந்தது. ஒன்பது பேர் ஒன்பது பாட்டில்களைக் கைக்குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் கப்பல்காரர் சந்துக்குள் வந்தார்கள்.

ஆனால் அன்று ஞாயிறு. சட்டப்படி அது சுவைக்கும் நாள் அல்ல. ஆகவே பிலவேந்திரன், கோதண்டபாணியின் நாற்காலிகளில் கழகத்தாரை அமரவைத்துவிட்டு, நாற்பத்தொரு வாசல்களிலும் ஏறி, தாம் செய்ததை ஒளிக்காமல் சொல்லி, அனுமதி கேட்டார். ஒவ்வொரு வீடும் அவரைத் தன் தகுதிக்கேற்பத் திட்டியது. திட்டி முடித்ததும், தங்கள் வீட்டுச் சொற்களில் எதை எடுத்துக்கொண்டார் என்று கேட்டது. எடுத்துக்கொள்ளப்பட்ட வீடுகள் மன்னித்தன. எடுத்துக்கொள்ளப்படாத வீடுகள்தாம் அதிகம் கோபித்தன. தாம் சொன்ன ஊசிப்போன பீர் ஏட்டில் இல்லை என்று அறிந்ததும் கோதண்டபாணி நாற்காலிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதாக அச்சுறுத்தினார். மரைக்காயர் வீட்டார் குடையை எடுத்துக்கொண்டு, பிரியாணி தம்மில் இருக்கிறது, முடிந்ததும் ஆளனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள்.

பிறகு நிகழ்ந்ததைக் கழகத்தார் பல நாள் பேசினார்கள். தெரு நடுவே மேசை; மேசையின் முன் பிலவேந்திரன். அவர் வாயில் ஒரு கரண்டி இறங்கியதும், கோழி அரிந்துகொண்டிருந்த சன்னல்களிலிருந்தும், துணி உலர்த்திக்கொண்டிருந்த மாடிகளிலிருந்தும், கோயில் மண்டபத்திலிருந்தும் சொற்கள் இறங்கின. முதல் கோப்பை, விடியற்காலையில் பாய் விரித்த வெள்ளரித் தோட்டம் என்றது ஒரு சன்னல். தோட்டம் சரி, பாய் ஈரம் என்றது எதிர்ச் சன்னல். அந்த இளம்பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் கோப்பையைப் பற்றி, பித்தளைப் பாத்திரத்தைப் புளிபோட்டுத் தேய்க்கச் சோம்பல்பட்டவன் வடித்தது இது என்று மருந்துக் கடையிலிருந்து குரல் வந்தபோது, தாடி வைத்த ஒருவர், தலையைக் குனிந்துகொண்டு, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். கனகசபையின் உதவியாளர் எழுதிய வேகத்தில் அவருடைய பேனா இரண்டு முறை வறண்டது. எட்டுக் கோப்பைகள் முடிந்தன.

கனகசபை நடுவர் ஏட்டை மடிமேல் விரித்தார். கழகத்தின் விதி ஒன்று இருக்கிறது என்றார். ஒரு கோப்பைக்காவது தம் சொந்த வாயால் சொந்தச் சொல் சொல்லாதவருடைய பெயரை இதில் எழுத இயலாது. மீதமிருப்பது ஒன்று. சந்து வாய் திறக்காமல் இருந்தால் முசியே பிலவேந்திரன் முயன்று பார்க்கலாம். இயலாவிட்டால் இந்த ஆண்டு அந்த வரி வெறுமையாகவே இருக்கும்.

கப்பல்காரர் சந்து பிறந்த நாளிலிருந்து வாய் மூடியிருந்ததில்லை. இப்போது மூடியது. ஒன்பதாம் கோப்பை விஸ்கி. அவர் அதை வாயில் வைத்ததும், எல்லா நாக்குகளும் அதை அறிந்தன. எல்லா நாக்குகளிலும் சொல் வந்து நின்றது. குப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், குருக்கள் தூணைக் கட்டிக்கொண்டார். மருந்துக் கடையில் தராசு அசையாமல் நின்றது. பிலவேந்திரன் கண்களை மூடினார். நன்று என்ற சொல் வழக்கம்போல் வந்து வாசலில் நின்றது; அதை அவர் போகச் சொன்னார். அடுத்துப் பரவாயில்லை வந்தது. அதையும் போகச் சொன்னார். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராத அந்த இடத்தில், மெல்ல, ஒரு கனம் வந்து அவர் வலது உள்ளங்கையில் அமர்ந்தது.

“வில்லியனூர்ச் சந்தை,” என்றார்.

வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார்.

“புளிமூட்டைக்கும் வெல்ல மூட்டைக்கும் நடுவுல நிக்கிறேன். மழை இன்னும் வரல, காத்து மட்டும் வந்துடிச்சி. கடைக்காரரோட எடைக்கல்லத் தூக்கிப் பாத்துட்டு, கைய மோந்து பாக்கறேன். அந்த வாசன.” நிறுத்தினார். பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அந்தக் கல்லு சரியான கல்லு. ஒரு குன்றிமணிகூடக் கொறையல. அவர ஒண்ணும் சொல்லாம நான் போயிடலாம். அந்த மாதிரி எறங்குது தொண்டையில.”

கனகசபை ஏட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிறகு எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த திசையில், மருந்துக் கடையைப் பார்த்தார். தையல்நாயகி நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தாள்.

“புளி சரி. வெல்லம் சரி. இரும்பு இருக்கு, நாங்கூட கவனிக்கல,” என்றாள். “மழக்காத்து கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டாரு.”

“எத்தனை போடலாம்?” என்று கேட்டார் கனகசபை.

“ஆறரை.”

சந்து முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. அவள் வாயிலிருந்து ஐந்துக்கு மேல் ஓர் எண் வந்ததை அங்கே யாரும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர்க்கு மதிப்பெண் போட்டே பழகிய பிலவேந்திரனின் காதுகள் இரண்டும் சிவந்தன. மாடியிலிருந்து ரெஜினாள், ஆறே போதும் என்றாள். கனகசபை பேனாவைத் திறந்து, பிலவேந்திரன் என்று எழுதினார். மை உலரும் வரையில் ஏட்டை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார்.

ஆனால் பிலவேந்திரன் அதைப் பார்க்கவில்லை. வாய்மூடியிருந்த நான்கு நிமிடங்களுக்கும் சேர்த்துச் சந்து ஒரே குரலில் பேசத் தொடங்கியிருந்தது. அவர் விட்டுவிட்ட மாவிலங்கப் பட்டையையும் பழைய தோல் செருப்பையும் எள்ளுருண்டையையும் எல்லாச் சன்னல்களும் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் அவற்றுக்கு நடுவே புகுந்து நடந்து, நாட்டு மருந்துக் கடையின் முன் போய் நின்று, மழைக்காற்று கூடுதல் இல்லை என்று வழக்காடினார். அது எந்த மாதத்துக் காற்று என்று சொன்னார். எந்தத் திசையிலிருந்து வந்து எந்த மூட்டையின் வாயைத் தொட்டுவிட்டுப் போனது என்று சொன்னார். அன்று சந்தையில் சாக்குப்படுதாக்கள் எப்படி உப்பி எழுந்தன என்றும், வெல்லத்தின்மேல் மொய்த்திருந்த ஈக்கள் எப்படி ஒரே நேரத்தில் எழுந்து அமர்ந்தன என்றும் சொன்னார். கழகத்தார் போனார்கள், நாற்காலிகள் போயின, கடற்கரையிலிருந்து மரைக்காயர் வீட்டார் திரும்பி வந்து பிரியாணியைத் திறந்தார்கள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி சுக்கை நிறுத்து, பொட்டலம் கட்டி, நூலை இறுக்கி, பல்லால் அறுத்தாள்.

“சரி,” என்றாள். “ஆறே முக்கால்.”